சென்ட் பாட்டில் முதல் ஓய்வுபெற்றோர் சங்கம் வரை: ரோலிங் ஸ்டோன்ஸ் ஊர் சுற்றிய கதை

2024 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் பிரிட்டனின் ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் தன் புதிய சுற்றுப்பயணத்தைத் தொடங்கியபோது பாடகர் மிக் ஜாகருக்கும் கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் வயது 80. இன்னொரு கிட்டார்காரர் ரானி வுட் மூவரில் பொடியன், அவருக்கு 76. பயணத்தின் விளம்பரங்களில் குழுவின் பெயரோடு இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது: ஏ.ஏ.ஆர்.பி. ஓய்வுபெற்றவர்களுக்காகத் தொடங்கப்பட்டு, இன்று 50 வயது தாண்டிய அமெரிக்கர்களுக்காக இயங்கும் பெரிய அமைப்பு அது. ராக் கச்சேரிக்கு ஓய்வுபெற்றோர் சங்கம் ஸ்பான்சர் என்றால் யார்தான் கிண்டலடிக்காமல் இருப்பார்கள்?

ஆனால் இதே குழு 1981இலும் இப்படி ஒரு கிண்டலுக்கு ஆளாகியிருக்கிறது. அப்போது ஸ்பான்சர் ஜோவன் என்ற சென்ட் கம்பெனி. டிக்கெட்டிலேயே கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது. கலகக்காரர்கள் சென்ட் பாட்டிலுக்கு விலைபோய்விட்டார்கள் என்று முணுமுணுத்தவர்கள் பலர். கொஞ்ச நாளில் முணுமுணுப்பு அடங்கியது. ஸ்பான்சர் இல்லாமல் பெரிய டூர் கிளம்புவது அரிதாகிப்போனது.

இந்தக் குழுவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வயதைத்தான் பேசுகிறார்கள். இந்த வயதில் எப்படி ஆடுகிறார், எப்படி ஓடுகிறார் என்று. அது சுவாரசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 60 ஆண்டுகளில் 2,000க்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடத்தியவர்களின் உண்மையான மைல்கற்கள் வேறு இடத்தில் இருக்கின்றன என்பது என் எண்ணம். இவர்கள் தொடங்கியபோது கச்சேரி என்பது இசைத்தட்டு விற்பதற்கான விளம்பரம். இன்று புது ஆல்பம் என்பது கச்சேரிக்கான விளம்பரம். நடுவில் எங்கோ தலைகீழாகப் புரண்டுவிட்டது. அந்தப் புரட்டலில் பெரும்பகுதி இவர்கள் மேடையில்தான் நடந்தது, அதுவும் பெரும்பாலும் ஏதோ ஒரு நெருக்கடி கழுத்தைப் பிடித்தபோது.

முதல் கச்சேரியே வேறொருவர் வராத இடத்தில் கிடைத்ததுதான். 1962 ஜூலை 12, லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்த மார்க்கீ கிளப். அங்கே வழக்கமாக வாசிக்கும் அலெக்சிஸ் கார்னரின் குழுவுக்கு அன்றைக்கு பிபிசி வானொலியில் நிகழ்ச்சி. காலியான மேடையில் ஜாகர், ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ், பியானோவுக்கு இயன் ஸ்டூவர்ட், பாஸ் கிட்டாருக்கு டிக் டெய்லர் என்று ஏறினார்கள். டிரம்ஸ் வாசித்தது யார் என்பதில் இன்றுவரை சண்டை தீரவில்லை. நிரந்தர டிரம்மராக சார்லி வாட்ஸ் வந்து சேர்ந்தது 1963 ஜனவரியில்.

அடுத்த சில ஆண்டுகளின் கச்சேரிகளை இன்றைய கண்ணோடு பார்த்தால் சிரிப்பு வரும். பல குழுக்கள் வரிசையாக வாசிக்கும் நிகழ்ச்சியில் இவர்களுக்கு இருபது, முப்பது நிமிடம். மைக் செட் அந்தந்த அரங்கத்தில் இருப்பதுதான். பாதிரியார் பேசவும் மேயர் பேசவும் வைத்திருந்த ஸ்பீக்கர்கள், ஆயிரக்கணக்கான பெண்களின் அலறலுக்கு முன்னால் என்ன செய்யும்? பாடுகிறவருக்கே தன் குரல் கேட்காது. பாட்டு முடிவதற்குள் கூட்டம் மேடைக்கு வந்துவிடும், போலீஸ் வரும், குழு பின்வாசல் வழியாக ஓடும். 1964 ஜூலையில் பிளாக்பூல் நகரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த ஊர் நகராட்சி இவர்களுக்குத் தடை போட்டது. தடையை எடுத்தது 2008இல். 1965 செப்டம்பரில் பெர்லினின் வால்ட்பூனே திறந்தவெளி அரங்கைக் கூட்டம் அடித்து நொறுக்கியதில், அந்த அரங்கம் பல ஆண்டுகள் சரியாகப் பயன்படாமல் கிடந்தது. எல்லா ஊரிலும் இப்படி வரவேற்பு என்றும் சொல்ல முடியாது. 1964இல் முதன்முறை அமெரிக்கா போனபோது சில ஊர்களில் அரங்கம் பாதிகூட நிரம்பவில்லை.

1969 தான் முதல் பெரிய திருப்பம். இரண்டு ஆண்டுக்கும் மேலாக ஊர் சுற்றாமல் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்குள் ராக் ரசிகர்கள் மாறியிருந்தார்கள். அலறுவதை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கேட்கிறவன் வந்துவிட்டால் கேட்கும்படி வாசிக்க வேண்டுமே! அந்த ஆண்டு அமெரிக்கப் பயணத்துக்கு ஒலி, ஒளி ஏற்பாடுகளைக் கூடவே கொண்டுபோனார்கள். நிகழ்ச்சியும் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் மைக் செட்டை நம்பாமல் எல்லாவற்றையும் தாங்களே சுமந்துபோவது என்ற வழக்கம் பெரிய அளவில் நிலைபெற்ற காலம் இது.

அந்தப் பயணத்துக்கு முன்னால் ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ஓர் இலவசக் கச்சேரி. குழுவைத் தொடங்கிவைத்த பிரையன் ஜோன்ஸ் இரண்டு நாள் முன்புதான் தன் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்திருந்தார். ஜாகர் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் வரிகளை வாசித்தார், பிறகு பட்டாம்பூச்சிகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்துவிட்டார்கள். பல பூச்சிகள் பெட்டிக்குள்ளேயே செத்துப்போயிருந்தன. லட்சக்கணக்கான கூட்டம், ஆனாலும் அமைதியாக முடிந்தது. காவலுக்கு நின்றவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பலின் பெயரைச் சூட்டிக்கொண்ட லண்டன் பையன்கள். தோல் ஜாக்கெட் போட்ட சாதுக்கள்.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 6 அன்று, அசல் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸைக் கலிஃபோர்னியாவில் சந்தித்தார்கள். டிக்கெட் விலை அதிகம் என்று பத்திரிகைகள் திட்டியதால், பயணத்தின் முடிவில் ஓர் இலவசக் கச்சேரி என்று அறிவித்திருந்தார்கள். இடம் முதலில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்கா என்றார்கள், அப்புறம் சியர்ஸ் பாயின்ட் பந்தயத் திடல் என்றார்கள், கடைசியில் ஓரிரு நாள் மட்டும் இருக்கும்போது ஆல்டமான்ட் என்ற பந்தயத் திடலுக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேடையின் உயரம். சியர்ஸ் பாயின்டில் மேடை ஒரு சரிவின் உச்சியில் அமைவதாக இருந்தது. அங்கே இடுப்பளவு உயரமே போதும், கூட்டம் கீழே இருக்கும், ஏறி வருவது கஷ்டம். ஆல்டமான்டில் மேடை சரிவின் அடிவாரத்துக்கு வந்துவிட்டது. மேடை அதே இடுப்பளவுதான். சுமார் மூன்று லட்சம் பேர் மேட்டில் உட்கார்ந்திருக்க, பின்னால் இருக்கிறவன் லேசாக முன்னால் நகர்ந்தால் போதும், மொத்தக் கூட்டமும் மேடை மீது சாயும். தடுப்பு வேலி போட நேரமில்லை. வேலிக்குப் பதிலாக ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கையில் பில்லியர்ட்ஸ் கோலோடு மேடையைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குக் கூலியாகப் பேசப்பட்டது பீர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்றிரவு குழு வாசித்துக்கொண்டிருந்தபோதே, மேடைக்கு முன்னால், மெரிடித் ஹண்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவர் கையில் துப்பாக்கி இருந்தது. குத்தியவர் தற்காப்பு என்று வாதாடி விடுதலையானார். விபத்துகளில் மேலும் மூன்று பேர் இறந்தார்கள்.

அறுபதுகளின் கனவு ஆல்டமான்டில் செத்தது என்று எழுதுவது ஒரு சடங்காகிவிட்டது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பந்தல் போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மேடை எங்கே, வேலி எங்கே, வழி எங்கே என்று யோசிக்க ஒரு வாரமாவது வேண்டும். அன்று அந்த ஒரு வாரம் இல்லை. இன்று பெரிய கச்சேரிகளில் மேடை ஆள் உயரத்துக்கு மேல் நிற்பதும், முன்னால் இரும்புத் தடுப்பும் காவலர் நடக்க ஓர் இடைவெளியும் இருப்பதும் இப்படிப்பட்ட நாட்கள் கற்றுக்கொடுத்தவை.

எழுபதுகளில் நெருக்கடி பணத்தின் வடிவில் வந்தது. மேலாளராக இருந்த ஆலன் க்ளைனை விட்டுப் பிரிந்தபோதுதான், அறுபதுகளில் பதிவுசெய்த தங்கள் பாடல்களின் உரிமை அவருடைய நிறுவனத்திடம் இருப்பது இவர்களுக்கு உறைத்தது. பிரிட்டன் வருமான வரி வேறு பாக்கி. 1971இல் குழுவே மூட்டை கட்டிக்கொண்டு பிரான்சின் தென்பகுதிக்குக் குடிபோனது. கணக்கைச் சரிசெய்ய வந்தவர் ரூபர்ட் லோவன்ஸ்டைன், இளவரசர் பட்டம் உள்ள லண்டன் வங்கியாளர். ராக் இசையில் அவருக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பழைய பாட்டுகளின் காசு முழுதாகக் கைக்கு வராது என்றால், கைக்கு வரும் காசு கச்சேரியில்தான் என்ற கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. 2007 வரை அவர்தான் நிதி ஆலோசகர்.

அதே சமயத்தில் பிறந்ததுதான் குழுவின் சின்னமான அந்த நாக்கு. 1970இல் ஜான் பாஷ் என்ற கலைக்கல்லூரி மாணவரிடம் ஒரு சின்னம் வரையச் சொன்ன ஜாகர், மாதிரிக்குக் காட்டியது காளி படம். நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் நம்ம காளிதான். பாஷ் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாயையும் நாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டார். முதல் கூலி 50 பவுண்டு. அந்த மூலப்படத்தை லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2008இல் விலைக்கு வாங்கியது. 1972 அமெரிக்கப் பயணத்தில் குழுவின் விமானத்திலேயே நாக்கு வரையப்பட்டிருந்தது. டி-ஷர்ட்டில் அது எத்தனை சம்பாதித்துக் கொடுத்தது என்பதைப் பற்றிக் காளிக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.

1975 மே 1 அன்று நியூயார்க்கில் பத்திரிகையாளர்களை ஒரு ஹோட்டலுக்கு வரச் சொன்னார்கள். உள்ளே எல்லோரும் காத்திருக்க, வெளியே ஐந்தாவது நிழற்சாலையில் ஒரு திறந்த லாரி வந்து நின்றது. லாரியின் மேல் முழுக் குழுவும் 'பிரவுன் ஷுகர்' பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது. யோசனை சார்லி வாட்ஸுடையது. பழைய ஜாஸ் குழுக்கள் அப்படித்தான் வண்டியில் வாசித்துக்கொண்டே ஊருக்குத் தகவல் சொல்லும். டூர் தொடங்கும் செய்தியையே ஒரு காட்சியாக மாற்றலாம் என்று அன்று தெரிந்தது.

இடையில் ஒரு வினோதமான கச்சேரியும் உண்டு. 1977இல் டொராண்டோவில் ஹெராயினோடு பிடிபட்ட ரிச்சர்ட்ஸுக்கு நீதிபதி சிறை விதிக்கவில்லை. பார்வையற்றோருக்காக ஒரு நிகழ்ச்சி நடத்து என்றார். 1979 ஏப்ரலில் ஓஷாவா நகரில் அது நடந்தது. தண்டனையாகக் கச்சேரி செய்தவர்கள் இசை வரலாற்றில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இனி 1981. சென்ட் கம்பெனியின் கதையைத்தான் முன்பே பார்த்தோம். 50 நிகழ்ச்சிகள், சுமார் 5 கோடி டாலர் வசூல். டிசம்பர் 5 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் 87,500 பேர். கூரைக்கு அடியில் ஒரே கச்சேரிக்கு அத்தனை பேர் கூடியது அதுவரை இல்லாத சாதனை. பல நிகழ்ச்சிகள் பட்டப்பகலில் நடந்தன என்பதால் விளக்குகளை நம்ப முடியாது, மேடை முழுக்கப் பளீரென்ற வண்ணத் துணிகளால் மூடினார்கள். கடைசி வரிசையில் இருக்கிறவனுக்குப் பாடகர் ஓர் எறும்பு. அவன் பார்க்க ஏதாவது வேண்டும் என்ற கவலை அப்போதே வந்துவிட்டது.

1982இல் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்தபிறகு ஏழு ஆண்டு டூர் இல்லை. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் பத்திரிகை வழியாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். 1989இல் சமாதானமாகித் திரும்பிய 'ஸ்டீல் வீல்ஸ்' பயணத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய மைல்கல் என்பேன். அதன் காரணகர்த்தா மேடையில் இல்லை. மைக்கேல் கோல் என்ற கனடாக்காரர்.

சினிமா வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதுவரை டூர் என்பது ஏரியா ஏரியாவாக விற்பது. ஒவ்வொரு நகரத்திலும் உள்ளூர் ஏற்பாட்டாளர் ஒருவர் அரங்கம் பிடிப்பார், விளம்பரம் செய்வார், வசூலில் அவருக்கு ஒரு பங்கு. கோல் வந்து, மொத்த ஏரியாவும் எனக்கே, இதோ மினிமம் கியாரண்டி என்று ஆறு கோடி டாலருக்கும் மேல் எடுத்துவைத்தார். டிக்கெட், டி-ஷர்ட், ஸ்பான்சர், டிவி உரிமை எல்லாம் ஒரே கையில். 1981இல் டூரை நடத்திய பில் கிரகாம் போட்டியிட்டும் கிடைக்கவில்லை. இன்று ஒரே நிறுவனம் ஒரு பாடகரின் உலகப் பயணம் முழுவதையும் மொத்தமாக வாங்குவது சர்வசாதாரணம். அந்த வழி இங்கேதான் அகலமானது. அதன் மறுபக்கமாக, உள்ளூர் ஏற்பாட்டாளர்கள் ஓரம் கட்டப்பட்டதும் டிக்கெட் விலை ஏறியதும் இதே வழியில்தான்.

அத்தனை பணத்துக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் அல்லவா. கட்டடக் கலைஞர் மார்க் ஃபிஷர் பாழடைந்த தொழிற்சாலை போன்ற ஒரு மேடையை எழுப்பினார். இந்த அளவு மேடையை ஓர் இரவில் பிரித்து மறுநாள் வேறு ஊரில் எழுப்ப முடியாது. அதனால் இரும்புச் சட்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட செட் இருக்கும். ஒரு ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு செட் எழும்பிக்கொண்டிருக்கும். விளக்கு, ஸ்பீக்கர், வாத்தியம் மட்டும் குழுவோடு போகும். 1997இல் மேடையிலிருந்து கூட்டத்தின் தலைக்கு மேலே நீண்டுபோகும் ஒரு பாலமும் வந்தது. அதில் நடந்துபோய் நடுத்திடலில் ஒரு சின்ன மேடையில், பழைய கிளப் நாட்கள் போல, நெருக்கமாக நின்று வாசித்தார்கள். 1994 - 95 பயணத்தின் வசூல் 32 கோடி டாலர், 2005 - 07 பயணத்தின் வசூல் 55.8 கோடி டாலர் என்று ஒவ்வொன்றும் அன்றைய உலகச் சாதனையானது.

1994 நவம்பர் 18 அன்று டல்லாஸ் கச்சேரியின் ஒரு பகுதியை இணையத்தில் நேரலையாக விட்டார்கள். பெரிய குழு ஒன்று அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை என்று பெருமை பேசப்பட்டது. ஆனால் கம்ப்யூட்டர் எஞ்சினியர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கராஜ் குழு முந்தைய ஆண்டே அதைச் செய்துவிட்டது. அதோடு நில்லாமல், அன்று ஸ்டோன்ஸ் வருவதற்கு முன்னால் அதே இணைய வழியில் புகுந்து, அழைக்காமலே முன்கச்சேரியும் வாசித்துவிட்டார்கள்!

ஊர்களின் பட்டியலைப் பார்த்தால் அது அரை நூற்றாண்டு அரசியல். 1967இல் இரும்புத் திரைக்குப் பின்னால், கம்யூனிஸ்ட் போலந்தின் வார்சாவில் வாசித்தார்கள். 1973இல் ஜாகரின் போதை வழக்கைக் காட்டி உள்ளே விட மறுத்த ஜப்பானில், 1990இல் டோக்கியோ டோமில் பத்து இரவுகள் வாசித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகாவில், சோவியத் படைகள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம், டாங்குகள் உருண்டு வெளியே போகின்றன, ஸ்டோன்ஸ் உருண்டு உள்ளே வருகிறார்கள் என்று சுவரொட்டி. அழைத்தவர்களில் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் உண்டு. 2003 ஏப்ரலில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மழையில் ஒன்று, மும்பை பிரபோர்ன் ஸ்டேடியத்தில் ஒன்று, இந்தியாவின் கணக்கு அவ்வளவுதான். 2006இல் ரியோவின் கோபகபானா கடற்கரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் ஷாங்காயில் சுமார் 8,000 பேர், அதிலும் பெரும்பாலோர் வெளிநாட்டவர், சில பாடல்களுக்கு அரசு தடை. 2016 மார்ச் 25 அன்று ஹவானாவில் இலவசக் கச்சேரி. ஒபாமா கியூபாவிலிருந்து கிளம்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

இத்தனை இரும்புக்கும் டாலருக்கும் நடுவில் வாசிப்பு எப்படி இருந்தது என்று கேட்டால், வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக இருந்தது என்பேன். வழக்கமாக டிரம்மர் தாளம் பிடிக்க மற்றவர்கள் பின்தொடர்வார்கள். இங்கே சார்லி வாட்ஸ் ரிச்சர்ட்ஸின் கிட்டாரைப் பின்தொடர்வார். நடுவில் ஓர் இமைப்பொழுது இடைவெளி. இன்னொன்றும் உண்டு. வலது கையால் இரட்டைத் தாளத்தட்டைத் தட்டிக்கொண்டே வரும் டிரம்மர்கள், இடது கை ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை அடிக்கும்போதும் அதை நிறுத்துவதில்லை. சார்லி நிறுத்துவார். ஸ்னேர் விழும் கணத்தில் வலது கை காற்றில் தூக்கி நிற்கும். வீடியோவில் அவர் மணிக்கட்டை மட்டும் பாருங்கள், தெரியும். அந்தச் சின்ன வெற்றிடம்தான் பாட்டைச் சற்றே சாய்ந்து நடக்கவைத்தது.

பாட்டுப் பட்டியலுக்கு ஒரு கணக்கப்பிள்ளையும் இருக்கிறார். 1982 முதல் கூடவே கீபோர்டு வாசிக்கும் சக் லெவெல். ஜார்ஜியாவில் மரம் வளர்க்கும் விவசாயி. எந்தப் பாட்டு எந்தச் சுருதி, எந்த ஊரில் கடைசியாக என்ன வாசித்தோம் என்று நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். போன தடவை கேட்ட பட்டியலையே அந்த ஊர்க்காரர்கள் மறுபடி கேட்கக் கூடாதே.

2019இல் ஜாகருக்கு இதய வால்வு சிகிச்சை. இரண்டரை மாதத்தில் சிகாகோ மேடையில் ஓடினார். அப்பா உடற்பயிற்சி ஆசிரியர், அந்த வளர்ப்பு சும்மா போகவில்லை. 2021 ஆகஸ்ட் 24 அன்று, டூர் மறுபடி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, சார்லி 80 வயதில் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி முன்பே ஏற்பாடாகியிருந்த ஸ்டீவ் ஜோர்டன் டிரம்ஸுக்கு வந்தார். செயின்ட் லூயிஸில் முதல் நாள் மேடையில் யாரும் வரவில்லை. இருட்டில் டிரம்ஸ் சத்தம் மட்டும், திரையில் சார்லியின் படங்கள். அதன்பிறகுதான் கிட்டார். அடுத்த ஆண்டு 60ஆம் ஆண்டுப் பயணம் ஆகஸ்ட் 3 அன்று முடிந்தது, 1965இல் கூட்டம் உடைத்துப்போட்ட அதே வால்ட்பூனேயில்.

சார்லிக்கு ஊர் சுற்றுவதே பிடிக்காது. பலமுறை சொல்லியிருக்கிறார். டிரம்ஸ் வாசிக்க வேண்டும், ஆனால் வீட்டை விட்டுப் போகக் கூடாது, இரண்டும் சேர்ந்து நடக்காது என்பதுதான் அவர் பிரச்சினை. குழுவில் சேரும் முன் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர், பின்னாளில் மேடை வடிவமைப்பிலும் கைவைத்தவர். 1967 வாக்கில் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். டூரில் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அறைக்குள் நுழைந்து, அன்று படுக்கப்போகும் கட்டிலை ஒரு நோட்டில் வரைவது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக, ஒரு கட்டிலையும் விடாமல் வரைந்தார்.